தாய்மாமன் இல்லாத கதை

நாமகிரிப்பேட்டை ரோட்டில் இருந்த ஒரு ஜவ்வரிசி மில்லில் எனக்குக் கூடை தூக்குகிற வேலை. லாரியில் வந்து இறங்குகிற குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, கூடையில் அள்ளி, தோல் சீவுகிற பெண்கள் முன்னால் கொட்ட வேண்டும். அவர்கள் சீவிப் போட்ட வெள்ளைக் கிழங்கை அள்ளிக்கொண்டு போய்க் கழுவுகிற தொட்டியில் கொட்ட வேண்டும். இதற்கு எட்டாம் வகுப்பு முழுவதும் படித்திருக்கத் தேவையில்லை. நானும் முழுவதும் படிக்கவில்லை.

பாரம் தலைக்குத்தான், வாய் சும்மாதான் இருந்தது. அதனால் பேசிக்கொண்டே இருப்பேன். மேஸ்திரி என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றையே சொல்வார்.

"உன்ற வாயக் கொண்டு போயி அரவ மிசுன்ல மாட்டியுட்டாப் போதும்டா. கரண்டு இல்லாமயே மில்லு ஓடும்."

"கூலிய ரெண்டாக் குடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு ஓடிவிடுவேன்.

அந்த வருஷம் தை மாதத்தில் மில்லு ரேடியோ கெட்டுப் போனது. பெண்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்கார்ந்து, காலுக்கு நடுவில் கிழங்கைக் குவித்துக்கொண்டு, பொழுது சாயும் வரைக்கும் சீவுவார்கள். பாட்டு இல்லாமல் அந்த வேலை ஓடாது. முதல் வரிசையில் முதல் ஆளாக ஒரு பெரியக்கா உட்காருவார். அவர் சிரித்தால் தொட்டித் தண்ணீர் ஆடும் என்று நான் சொல்வேன். அவர் கிழங்கை எடுத்து என் மேல் எறிவார். நான் அதைப் பிடித்துக் கூடையில் போட்டுக்கொள்வேன். எங்கள் உறவு அப்படி. ரேடியோ போன மறுநாள் அவர்தான் என்னைக் கூப்பிட்டார்.

"டேய் சாமி, வாய வெச்சுக்கிட்டுச் சும்மாத்தான திரியற. ஒரு கதை சொல்லு."

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கதை. எட்டாம் வகுப்பில் இங்கிலீஷ் வாத்தியார் நடத்திய பாடம். அதிலும் பாதிதான் தெரியும். பாடம் பாதியில் இருந்தபோது நான் அவருடைய சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டேன். அவர் பார்த்துவிட்டார். சுவர் ஏறிக் குதித்தவன் அதற்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகவில்லை. ஆனால் பாதிக் கதையை வைத்துக்கொண்டு முழு மில்லையும் ஓட்டலாம் என்ற தைரியம் எனக்கு எப்போதும் உண்டு.

"ஒரு ஊர்ல ஒரு பொண்ணுங்க. அம்மா செத்துப் போச்சு. அப்பன் ரெண்டாங் கல்யாணம் கட்டிக்கிட்டான். வந்த சித்திகாரி பொல்லாதவ..."

இதைச் சொன்ன பிறகுதான் தூண் ஓரமாகப் பார்த்தேன். அங்கே உட்கார்ந்திருந்தவரும் ஒரு சித்தி.

அவரைப் பற்றி மில்லில் எல்லாருக்கும் தெரியும். மூன்று வயதுப் பெண் குழந்தையோடு நின்ற ஒருவருக்கு இரண்டாம் தாரமாக வந்தவர். தனக்கென்று பிள்ளை இல்லை. அந்தக் குழந்தையைத்தான் வளர்த்தார். இப்போது அந்தப் பெண்ணுக்கு மாசியில் கல்யாணம். மாப்பிள்ளை மல்லசமுத்திரம் பக்கம். எல்லாம் ஒத்து வந்துவிட்டது. ஒன்றுதான் இடித்தது. கல்யாணத்தன்று பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் வந்து பட்டம் என்கிற மெல்லிய தகட்டைக் கட்ட வேண்டும். அந்தத் தாய்மாமன் வருவாரா என்பது யாருக்கும் தெரியவில்லை. அக்கா செத்து வருஷம் திரும்புவதற்குள் மச்சான் மறுகல்யாணம் செய்துகொண்டார் என்ற கோபத்தில் அவர் அந்த வாசலை மிதிக்காமலே இருந்தார். மாப்பிள்ளை வீட்டில் வேறு கேட்டுவிட்டார்கள், "தாய்மாமன் வந்துருவாருங்கள்ல?" என்று. வரவில்லை என்றால் ஊர் என்ன சொல்லும்? சித்திகாரி வந்து தாய் வழி உறவையே துரத்திவிட்டாள் என்று சொல்லும்.

இதில் இன்னொரு சங்கடம். அந்தத் தாய்மாமன் வேறு யாரும் இல்லை. எங்கள் மில்லுக்குக் கிழங்கு கொண்டு வருகிற லாரி டிரைவர்தான்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு அந்த அம்மா முன்னால் பொல்லாத சித்தி கதையை ஆரம்பித்திருக்கிறேன். யோசித்துப் பேசுகிற பழக்கம் இருந்திருந்தால் எட்டாம் வகுப்பையும் முடித்திருப்பேன். கத்திச் சத்தம் எல்லாம் ஒரு நொடி நின்றது. பிறகு தூண் ஓரத்துக் கத்திதான் முதலில் சீவ ஆரம்பித்தது. நானும் வேறு வழியில்லாமல் தொடர்ந்தேன்.

"அந்தச் சித்திகாரி, புள்ளைய அடுப்புச் சாம்பல்லதான் படுக்க வெப்பா."

"சாம்பல்ல படுக்க வெச்சா, காத்தால பாத்தரம் எதுல வெளக்குவா?" என்றார் தூண் ஓரத்து அம்மா. தலையை நிமிர்த்தவில்லை. "பொல்லாதவளா இருந்துட்டுப் போறா தம்பி. பொழைக்கத் தெரியாதவளாவல்ல இருக்கறா."

பெரியக்கா சிரித்த சிரிப்பில் தொட்டித் தண்ணீர் நிஜமாகவே ஆடியிருக்கும். எனக்கு உயிர் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு கதை என் கையில் இல்லை. ராஜா வீட்டு விருந்துக்குப் பெண்ணை அனுப்புவதற்கு ஒரு தேவதை வந்தது என்றேன். தேவதை என்றால் யார், எந்தக் கோயில் என்று கேட்டார்கள். கன்னிமார் என்று மாற்றினேன். ஒத்துக்கொண்டார்கள். கன்னிமார் ஒரு பூசணிக்காயைத் தொட்டுச் சவாரி வண்டியாக ஆக்கினார்கள் என்றேன்.

"அந்தப் பூசணிக்காய அறுத்து நல்லாப் புளிகொழம்பு வெச்சுக் குடுத்திருந்தாச் சித்திகாரி மனசு எறங்கியிருக்கும். வண்டி எதுக்கு?" என்றார் ஒருவர்.

"வண்டியில தனியாவா போனா? வயசுப் புள்ளைய?"

"ஆமாங்க. ஆனா ராத்திரி பன்னெண்டு மணிக்குள்ள திரும்பிரோணும். அதுக்கு மேல வண்டி மறுபடியும் பூசணிக்காயா ஆயிரும்."

"கடேசி பஸ்ஸு மாதிரின்னு சொல்லு," என்றார் பெரியக்கா. "புதுச்சத்திரத்துல கடேசி பஸ்ஸ உட்டுப்போட்டு நான் நடந்தே வந்தேன். எனக்கு எந்தக் கன்னிமாரும் ஒரு சொரக்காய்கூடக் குடுக்கல."

கண்ணாடிச் செருப்பில் ஒரு கால் கழன்று விழுந்தது என்றதும் ஆளாளுக்குத் தன் காலை நீட்டிப் பார்த்துக்கொண்டார்கள். கிழங்குப் பாலும் செம்மண்ணும் ஏறிய கால்கள். மூஞ்சியைப் பார்க்காமல் காலைப் பார்த்தா பெண் எடுப்பான் என்று ஒருத்தர் கேட்டார். "நம்மூர்ல மட்டும் என்னவாம்? பொண்ணப் பாக்க வர்றவங்க மொதல்ல நடந்து காட்டச் சொல்றதில்லையா?" என்று இன்னொருத்தர் பதில் சொன்னார். ராஜா மகன் செருப்பை எடுத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடக் கிளம்பினான் என்பதோடு அன்றைய வேலை முடிந்தது. வாத்தியார் சொல்லி நான் கேட்டதும் அதோடு முடிந்தது.

மறுநாள் டிரைவர் லோடு கொண்டு வந்தார்.

அவர் லாரியின் பின்பக்கம் தோல் சீவுகிற கொட்டகையைப் பார்க்கிற மாதிரி நிறுத்துவார். பிறகு முன்கதவைத் திறந்து வைத்து, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு பீடி பிடிப்பார். தோல் சீவுகிற பக்கம் திரும்பவே மாட்டார். ஆனால் சைடுக் கண்ணாடியை மட்டும் கொட்டகை தெரிகிற மாதிரி திருப்பி வைத்திருப்பார். இதை நான் கண்டுபிடித்து ரொம்ப நாளாகிறது. கண்ணாடிக்கு நேராகப் போய் நின்று தலை சீவிக்கொள்வேன். "தள்றா அக்கட்டால," என்று அதட்டுவார்.

நான் முதல் கூடையைக் கொட்டியதும் பெரியக்கா ஆரம்பித்தார்.

"அப்பறம் என்னடா ஆச்சு?"

"ராசா மவன் செருப்பும் கையுமா வாரான். சித்திகாரி புள்ளைய உள்ள உட்டுப் பூட்டிட்டா." இதற்கு மேல் எனக்கே தெரியாததால் மெதுவாகச் சொன்னேன்.

"அதுக்குத்தான் நேத்துலருந்து ரோசன பண்றேன். அந்தப் புள்ளைக்குத் தாய்மாமன்னு ஒருத்தன் இல்லையாடா?"

"பாடத்துல இல்லீங்க்கா."

"தாய்மாமன் இல்லாம ஒரு பாடமா? அதுக்குத்தான் நீ எந்திரிச்சு வந்துட்டயா?"

"அக்கா, அது சீமைக் கதைங்க. அங்க அதெல்லாம் இருக்காது."

"அந்தப் புள்ள காதுல தோடு இருந்துச்சா?"

வாத்தியார் தோட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் விருந்துக்குப் போன பெண் மூளிக் காதோடா போயிருப்பாள்? "இருந்துச்சுங்க," என்றேன்.

"அப்பக் காது குத்துறப்ப மடியில வெச்சுக்கிட்டது ஆரு?" பெரியக்கா கத்தியை நீட்டிக் கேட்டார். "தாய்மாமன் இருக்கறான். உன்ற வாத்தியாரு மறைச்சுட்டாரு."

வரிசையே ஒத்துக்கொண்டது. தோடு இருந்தால் மாமன் இருந்தே தீர வேண்டும். அந்தப் பெண் வயதுக்கு வந்தபோது பச்சை ஓலையில் குடிசை கட்டியது யார் என்று ஒருவர் கேட்டார். முதல் சீலை எடுத்துக் கொடுத்தது யார் என்று இன்னொருவர். ராஜா மகன் செருப்போடு வாசலில் நின்றுகொண்டிருந்தான். அவனை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இருக்கறானல்ல? அப்ப, புள்ளைய வெச்சுப் பூட்டற வரைக்கும் அவன் எங்கடா போனான்?"

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்திருப்பான்.

"லோடு ஏத்திக்கிட்டுப் போயிருக்காருங்க்கா," என்றேன்.

வெடித்த சிரிப்பில் களத்தில் ஜவ்வரிசி கொத்திக்கொண்டிருந்த காக்காய்கள் எழும்பிப் போயின. தூண் ஓரத்து அம்மா மட்டும் சிரிக்கவில்லை. சைடுக் கண்ணாடியில் பீடி வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது.

"டேய் கூடைக்காரா. கெழங்க எறக்குடா மொதல்ல. கதை அப்பறம் அளப்ப," என்று குரல் வந்தது.

"உங்களுக்கில்லீங்கண்ணா. அந்த மாமனச் சொல்றோம்."

"அந்த மாமனுக்கு என்னவாம் கோவம்?" பெரியக்கா என்னைத்தான் கேட்டார். குரல் மட்டும் லாரி வரைக்கும் போனது.

"அக்கா செத்து வருசந் திரும்பறதுக்குள்ள மச்சான் மறுகல்யாணம் பண்ணிக்கிட்டாருங்க."

"கோவம் நாயந்தான். மச்சான் மேல கோவம். புள்ள என்ன பண்ணுச்சு?"

டிரைவர் இறங்கிவிட்டார். பீடியைக் காலில் நசுக்கிவிட்டு, லாரியைச் சுற்றிக்கொண்டு கொட்டகை ஓரமாக வந்து நின்றார். பெண்களைப் பார்க்காமல் என் கூடையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"புள்ள மேல ஆருக்குங்க கோவம்? ஆனா கூப்புடாம எப்படிப் போவான் அவன்? உன்ற கதையில அவனக் கூப்புட்டாங்களாடா?"

"பத்திரிக அனுப்புனாங்கண்ணா."

"ஆருகிட்ட?"

நடந்தது என்னவென்றால், பெண்ணின் அப்பா பயந்துபோய் எங்கள் மில்லில் எடை போடுகிறவரிடம் பத்திரிகையைக் கொடுத்து, லாரி வந்தால் கொடுத்துவிடச் சொல்லியிருந்தார். "எடை போடறவருகிட்டங்க," என்றேன்.

"எடை போடறவன் கையில குடுத்தா அது கெழங்குச் சீட்டு. அது பத்திரிகயா? வெத்தல பாக்கு வெச்சு, ஊடு தேடி வந்து, வாசல்ல நின்னு கூப்புட்டாங்களா? அதச் சொல்றா."

"வந்தாக் கதவச் சாத்திப்போடுவான்னு பயம்."

இதை நான் சொல்லவில்லை. தூண் ஓரத்திலிருந்து வந்தது. அந்த அம்மா கத்தியைக் கீழே வைத்திருந்தார். அவரும் என் கூடையைப் பார்த்துத்தான் பேசினார். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தக் கூடைக்கு அன்றைக்கு வந்த மரியாதை எனக்கு இதுவரை வந்ததில்லை.

"அந்தச் சித்திகாரிக்குப் பயம். மளிகக் கடையில எதுக்க வந்தப்ப மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போன மாமன்தான அவன்? ஊட்டுக்கு வந்தா மட்டும் ஒக்காரச் சொல்லுவானா?"

"அவன் என்ன பண்ணுவான்?" என்றார் டிரைவர். "அன்னைக்கு அவ கட்டியிருந்தது அவன்ற அக்கா சீலை. பச்சச் சீலை. அவன் எடுத்துக் குடுத்தது. தூரத்துல வாரப்ப அக்காளே வார மாதிரி இருந்துச்சு. கிட்ட வந்தா வேற மூஞ்சி. அவன் அந்தப் பக்கம் திரும்பாம எந்தப் பக்கம் திரும்புவான்?"

பெரியக்கா சீவிக்கொண்டிருந்த கிழங்கை மடியில் வைத்துவிட்டார்.

"பொட்டியில இருந்த சீலை அத்தனையும் மடிச்சு வெச்சிருக்கறேன், புள்ளைக்குக் குடுக்க," என்றார் அந்த அம்மா. இப்போது அவர் சித்திகாரி, மாமன் என்று கதையாகச் சொல்லவில்லை, தன்னைப் பற்றியே சொன்னார். "ஒண்ணே ஒண்ணுதான் கட்டுனேன். அன்னைக்கு மாத்துச் சீலை காயல. மழை."

அதற்குள் கத்திச் சத்தம் நின்றுபோனதைக் கேட்டு மேஸ்திரி பாய்ந்து வந்தார். "எல்லாரும் என்ன படமா பாக்கறீங்க?" என்று கத்தினார். பெரியக்கா அவருக்கு விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். சுருக்கம் என்றால் அவருடைய சுருக்கம். மேஸ்திரி கடைசி வரை கேட்டுவிட்டு, ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தாய்மாமன் இல்லாமக் கல்யாணமா? எந்த ஊர்லங்க நடக்குது அது? அந்த ராசாவே ஒத்துக்க மாட்டானே," என்றார்.

தூண் ஓரத்து அம்மா எழுந்தார். தொட்டியில் கையைக் கழுவினார். கிழங்குப் பால் ஒட்டினால் லேசில் போகாது. இரண்டு தடவை தேய்த்தார். பெரியக்கா தன் சுருக்குப் பையை அவிழ்த்து வெற்றிலையும் பாக்கும் எடுத்துக் கொடுத்தார். தட்டு இல்லை. தோல் அள்ளுகிற முறத்தைத் துடைத்து அதில் வைத்தார்கள். அந்த அம்மா முறத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு டிரைவர் முன்னால் போய் நின்றார். மில்லுக்குள் அவர்கள் இவ்வளவு கிட்டத்தில் நின்று நான் பார்த்ததில்லை.

"என்னைய உங்க அக்கா எடத்துல வெக்க வேண்டாங்க. அந்தப் புள்ளைக்கு வந்து பட்டத்தக் கட்டிட்டுப் போயிருங்க. அது போதும்."

டிரைவர் ஒரு அடி பின்னால் போனார்.

"நான் வாங்க மாட்டேன்."

பெரியக்கா "அடப்பாவி" என்று வாய் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"இங்கயா? கெழங்குத் தோலுக்கு நடுவுலயா? மொறத்துலயா? தாய்மாமனுக்கு வெக்கற வெத்தல பாக்குங்க இது. நாளைக்கு நமக்கு லோடு இல்ல. ஊட்டுலதான் இருப்பேன். ரெண்டு பேருமா வந்து வாசல்ல நின்னு கூப்புடுங்க. அந்த மனுசனையும் கூட்டிக்கிட்டு வாங்க. சோத்து நேரத்துக்கு வாங்க."

சொல்லிவிட்டு முறத்திலிருந்து ஒரே ஒரு பாக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"இது வாய்க்கு," என்றார் பொதுவாக எல்லாரையும் பார்த்து. "வாங்கிக்கிட்டதாக் கணக்கில்ல."

மறுநாள் அந்த அம்மா வேலைக்கு வரவில்லை. பெரியக்கா அந்த இடத்துக் கிழங்கையும் தானே சீவினார். அதற்கு மறுநாள் வந்தவர், "கறிக்கொழம்பு வெச்சாங்க," என்று மட்டும் சொன்னார். வரிசைக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆனாலும் கல்யாணத்தன்று காலையில் எல்லாருக்கும் அந்தச் சந்தேகம் திரும்ப வந்துவிட்டது. பெண் வீட்டு வாசலில்தான் பந்தல். பந்திக்குத் தண்ணீர் ஊற்ற என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். முகூர்த்தம் நெருங்குகிறது, மாமனைக் காணோம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் இரண்டு தடவை வாசலுக்கு வந்து ரோட்டைப் பார்த்துவிட்டுப் போனார். பெண்ணின் அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார். சித்தி புதுச் சீலையோடு பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் போய், "மாமனையும் உள்ள உட்டுப் பூட்டிட்டாங்களாக்கும்?" என்றேன், சிரிக்க வைக்கலாம் என்று. அவர் பார்த்த பார்வையில் சொம்பை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

அப்போது ஆரன் சத்தம் கேட்டது.

கிழங்கு லாரி. மாமன் முறைக்குத் தனியாக வருவதா என்று, சுற்றுப்பட்டு ஊர்களில் இருந்த உறவு மொத்தத்தையும் வீடு வீடாக நிறுத்தி ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். சீர்த்தட்டுகளோடு ஒரு கூட்டமே பின்பக்கத்திலிருந்து இறங்கியது. முதல் நாள்தான் அந்த வண்டி கிழங்கு ஏற்றியிருந்தது. கழுவ நேரமில்லை போல. பட்டு வேட்டியும் பட்டுச் சீலையுமாக வந்தவர்கள் வரிசையாகப் பந்தலுக்குள் நுழைந்தார்கள். முன்னால் பார்த்தால் மாமன் வீட்டுச் சீர். பின்னால் பார்த்தால் ஒவ்வொருவர் பின்னாலும் உட்கார்ந்த அளவுக்கு வட்டமாகச் செம்மண். மேளக்காரர்கள் வாசிக்க முடியாமல் திணறினார்கள். நான் சொம்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தே சிரித்தேன்.

டிரைவர் கடைசியாக இறங்கினார். அவர் வண்டி ஓட்டியவர்தான்; ஆனால் பாட்டிகளைத் தூக்கி இறக்கியதில் வெள்ளைச் சட்டை முதுகெல்லாம் சிவந்திருந்தது. பந்தலுக்குள் காலை வைக்கப் போனவரைச் சித்தி வழிமறித்தார்.

"திரும்புங்க," என்றார்.

"நேரமாச்சுங்க."

"இப்படியேவா போயி மணவறையில நிப்பீங்க? திரும்புங்க தம்பி."

அவர் திரும்பி நின்றார். சித்தி முந்தானையால் அவர் முதுகைத் தட்ட ஆரம்பித்தார். மண் புகை மாதிரி எழும்பியது. மண் போன பிறகும் தட்டிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்துக்கும் சேர்த்துக் கொஞ்சம் பலமாகவே விழுந்தது போல எனக்குத் தோன்றியது. டிரைவர் உள்ளங்கையில் பட்டத்தைப் பத்திரமாக மூடிப் பிடித்துக்கொண்டு, அவர் போதும் என்று சொல்கிற வரைக்கும் அப்படியே நின்றார்.